பாட்டுப்பெட்டி நம் கையில் இருக்கட்டும்

கைத்தொலைபேசி வைத்திருப்பவனுக்குத் தனியாக ஒரு பாட்டுப்பெட்டி எதற்கு என்று கேட்பவர்களே யாழ்ப்பாணத்தில் இன்று பெரும்பான்மையினர். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து இறங்குகின்ற நம்மவர்கள் இதே கேள்வியைச் சற்று இளக்காரத்தோடு கேட்பார்கள். அவர்கள் பக்கம் ஆதாரமும் உண்டு. 2001 ஒக்டோபரில் அறிமுகப்படுத்தப்பட்ட ஐபொட் கருவியை இனித் தயாரிப்பதில்லை என்று அப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் அறிவித்துவிட்டது. தயாரித்தவனே மூடிவிட்ட கடையின் வாசலில் நின்று நீர் ஏன் காணும் இன்னும் கூவுகிறீர் என்பது அவர்களது வாதம்.

கூவுவதற்குக் காரணம் உண்டு. உலகில் வேறெந்த ஊருக்கு இந்தச் சிறிய கருவி தேவையற்றுப் போயிருந்தாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அது தேவை என்பதே எனது கட்சி. பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை ஓர் அற்ப விடயமாகக் கொள்ளலாம். நம்முடைய ஒலிகள் யாருடைய கையில் இருக்கின்றன என்ற கேள்வியாக இதனை நோக்குவோர் அவ்வாறு கொள்ளமாட்டார்கள்.

முதலில் நமது அனுபவத்திலிருந்து தொடங்குவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. அப்போது எனக்கு இருபது வயது. என் தலைமுறையினர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, தைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும், கசெற் பாடும். சைக்கிள் தைனமோ ஆறு வோல்ற் தரும். நான்கு பற்றரி போடும் வானொலிப்பெட்டிக்கு வேண்டியதும் அதே ஆறு வோல்ற்தான். நடுவில் இரண்டொரு டயோட்டைப் பொருத்தத் தெரிந்த பையன் ஒருவன் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தான். செய்தி கேட்பதற்காக இந்தப் பாடு என்று பிற்காலத்தில் எழுதினார்கள். செய்திக்காக மட்டுமே என்றால் செய்தி முடிந்ததும் சுழற்றுவதை நிறுத்தியிருப்போம். நாங்கள் பாட்டுக்காகவும் சுழற்றினோம்.

அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட பாடம் மிக எளியது. கேட்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதனை ஒலிக்கச் செய்யும் கருவி, கிடைத்த மின்சாரத்தில் ஓடியது. ஆகவே கொழும்பிலிருந்து யார் எதை நிறுத்தினாலும் பாட்டு நிற்கவில்லை.

அது போர்க்காலம், இப்போது அப்படியா என்று கேட்பீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? மின்வெட்டு நீளும்போது தொலைபேசிக் கோபுரங்களின் சேமிப்பு மின்கலங்களும் ஓய்ந்துபோகும். அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்குவதைத் தடுக்கும் எண்ணத்தோடு அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் யூரியூப்பையும் ஒருசேர முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்தும் இதேபோன்று முடக்கினார்கள். யூரியூப்பையே தன் இசைக்களஞ்சியமாகக் கொண்டிருக்கும் ஒருவருடைய வீட்டில் அந்த நாட்களில் பாட்டு இல்லை. அவர் தொலைபேசியில் பாட்டு இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது பாட்டுக்குப் போகும் வழி மாத்திரமே. வழியை அடைப்பதற்கு ஓர் உத்தரவு போதுமாயிருந்தது.

அரசாங்கம் அடைக்காவிட்டாலும் வியாபாரி அடைப்பான். மைஸ்பேஸ் என்றொரு தளம் ஒருகாலத்தில் உலகமெங்குமுள்ள இளம் இசைக்கலைஞர்களின் கூடமாக இருந்தது. 2015க்கு முன்னர் அதில் ஏற்றப்பட்ட பாட்டுகள் யாவும், வழங்கியொன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அழிந்துபோய்விட்டன என்று 2019இல் அறிவித்தார்கள். அழிந்தவை ஏறக்குறைய ஐந்து கோடிப் பாட்டுகள் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் நடத்திய விங்க் மியூசிக் சேவை 2024இல் மூடப்பட்டது. மாதச் சந்தா கட்டிக் கேட்பது வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. வீட்டுக்காரன் விற்றுவிட்டால் நமது பெட்டி படுக்கை வீதிக்கு வந்துவிடும்.

இவையெல்லாம் உலகத்தார் அனைவருக்கும் பொதுவான நட்டங்கள். நமக்கே உரிய நட்டம் வேறொன்று உண்டு. அதனைச் சொல்வதற்காகவே இதனை எழுதத் தொடங்கினேன்.

தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவில் தேசிய விருது கிடைத்தது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கின்றது. நடிகமணி வி. வி. வைரமுத்து 1989இல் மறையும்வரை மயான காண்டத்தை ஊர் ஊராக மேடையேற்றினார். இத்தகைய பெருங்கலைஞர்களின் பதிவுகள் சிலவாவது இறுவட்டாகவும் இணையத்திலும் எஞ்சியுள்ளன. இவர்களுக்கு அடுத்த வரிசையில் நின்றவர்களின் கதி என்ன? அரைநூற்றாண்டு காலம் ஒரே கோயிலில் வாசித்த தவில்காரர், நாட்டுக்கூத்து அண்ணாவியார், செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லிய கிழவி, பாடசாலைக் கலைவிழாவில் பாடிய சங்கீத ரீச்சர் ஆகியோரின் குரலும் வாசிப்பும் எந்தச் சந்தாச் சேவையிலும் கிடையாது. அவை எங்கேனும் இருக்குமாயின், யாரோ ஒருவருடைய அலுமாரியில், பிளாஸ்ரிக் பைக்குள், அறுபது நிமிடக் கசெற் ஒன்றில் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தவில் வித்துவானின் மறைவையொட்டிக் குறிப்பு எழுதுவதற்காக அவரது வீட்டுக்குச் சென்றிருந்தேன். தகப்பனுடைய வாசிப்பை அந்தியேட்டி நாளில் ஒலிக்கவிட வேண்டுமென்று மகன் விரும்பினார். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்த ஒரே காணொளியும், ஏற்றியவரின் கணக்கோடு மறைந்துவிட்டிருந்தது. வீட்டில் மூன்று கசெற்றுகள் இருந்தன. ஒன்றில் பூஞ்சணம். இன்னொன்றில் நாடாவை ஒலித்தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சு கழன்று விழுந்திருந்தது. மூன்றாவது நன்றாக இருந்தது; அதைப் போட்டுக் கேட்பதற்கு அந்த ஒழுங்கை முழுவதிலும் ஒரு கருவி இருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஊரையே எழுப்பிய ஒரு மனிதர் ஓசையின்றி வழியனுப்பப்பட்டார்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆண்டுதோறும் அந்த நாளில் நாங்கள், பத்திரிகைக்காரர்கள், தவறாமல் பத்தி எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் தீ வைக்க எவரும் வராமலே நம் வீட்டு அலுமாரிகளில் ஓர் ஒலி நூலகம் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறதே, அதற்கு யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? பகைவன் செய்த அழிவுக்குக் கண்ணீர் வடிப்பதிலுள்ள ஆர்வம், நம் சோம்பலால் நேரும் அழிவைத் தடுப்பதில் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சுப் பிரதிகளை எண்ணிம வடிவில் காத்துவருகின்றது. ஆவணகம் என்ற தளத்தில் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கின்றார்கள். கையளவு மனிதர்கள் செய்யும் அந்த வேலைக்கு நம் வீட்டுக் கசெற் தானாக நடந்து போகாது.

சிறிய பாட்டுப்பெட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. கேட்பதற்கு வசதியான இடம் இருந்தால்தான் மனிதர் எதனையும் பாதுகாப்பார்கள். எவரும் கேட்காத ஆவணம் இன்னொரு அலுமாரிதான். பேரன் தன் சட்டைப்பையில் வைத்துக் கேட்கக்கூடிய வடிவத்தில் பாட்டனின் தவில் வந்துசேருமாயின், அது இன்னும் ஒரு தலைமுறை வாழும். அந்தக் கருவி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை இனிச் சொல்கிறேன்.

முதலாவது நிபந்தனை, கணினியில் செருகியவுடன் அது ஒரு சாதாரணக் கோப்புறையாகத் திறக்க வேண்டும். பாட்டை இழுத்துப் போட்டால் போக வேண்டும்; திரும்ப இழுத்தால் வர வேண்டும். ஐபொட் இந்தச் சோதனையில் தோற்றது. அதற்குள் போன பாட்டுகள் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களோடு மறைவான கோப்புறைகளில் கிடந்தன. உள்ளே விடுவதற்கு ஒரு வாசல் இருந்தது. வெளியே எடுப்பதற்கு நேர்வழி இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த பழைய ஐபொட்டுகள் குடாநாட்டில் எத்தனை வீடுகளில் பாட்டோடு சேர்ந்து செத்துக் கிடக்கின்றன!

இரண்டாவது, கழற்றி மாற்றக்கூடிய மெமரி காட் போடும் துளை வேண்டும். கருவி பழுதானாலும் காட் பிழைக்கும். மூன்றாவது, இயர்போன் செருகும் பழைய வட்டத்துளை வேண்டும். ஐபோனிலிருந்து அது 2016இல் அகற்றப்பட்டபின் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நமக்கோ கம்பியைச் செருகியவுடன் ஒலிக்க வேண்டும். கோயில் மடத்திலுள்ள பழைய ஒலிபெருக்கியோடும் இணைக்க வேண்டும். நான்காவது, கையால் தடவியறிந்து அழுத்தக்கூடிய பொத்தான்கள் வேண்டும். கண்புரை வந்த அம்மாவுக்குத் தொடுதிரையால் பயனில்லை. ஐந்தாவது, பண்பலை வானொலி இருந்தால் மிக நல்லது. விளம்பரத்தில் சொல்லும் மற்றச் சிறப்புகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாட்டுகளை ஏற்கெனவே நிரப்பி விற்கும் பெட்டிகளும் உண்டு. 2017இல் சரிகம நிறுவனம் இந்தியாவில் அறிமுகப்படுத்திய கார்வான் அவற்றுள் புகழ்பெற்றது. தமிழ்ப் பதிப்பில் ஐயாயிரம் பாட்டுகள். முதியவர்களுக்கு அது நல்ல துணை என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் அந்த ஐயாயிரத்தையும் தெரிவுசெய்தது தனது களஞ்சியத்தை வைத்திருக்கும் நிறுவனம். இந்தியத் திரைப்பாடலை நாம் எவ்வளவு விரும்பினாலும், நம் ஊரின் ஒலியை நிரப்பித்தர அவர்கள் வரப்போவதில்லை. அதை நாமே நிரப்ப வேண்டும். அத்தகைய பெட்டி வாங்குவோர், அதில் யூ.எஸ்.பி. செருகுவதற்கு இடம் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஒலியின் தரம். எம்பி3 என்ற முறை காதுக்குப் புலப்படாது என்று கணித்த பகுதிகளை வெட்டிவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகின்றது. வெட்டு அளவுக்கு மிஞ்சினால் முதலில் அடிபடுவது தாளவாத்தியம். வலக்கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் தவிலின் ஒலி கணப்பொழுதில் எழுவது. நொடிக்கு 64 அல்லது 96 கிலோபிற் என்ற அளவில் சுருக்கினால் அந்த அடிக்குச் சற்று முன்னதாகவே ஓர் இரைச்சல் படரும். அடியின் கூர்மை மழுங்கிவிடும். வட்ஸ்அப்பில் கைமாறி வரும் தவில் சமாக்கள் தகரத்தில் கல்லெறிந்தது போலக் கேட்பதற்கு இத்தகைய கடுஞ்சுருக்கமும் ஒரு காரணம். 256 கிலோபிற்றுக்குக் குறையாமல் வையுங்கள். அந்த அளவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 115 மெகாபைற் செல்லும். 32 கிகாபைற் காட் ஒன்றில் ஏறக்குறைய 270 அறுபது நிமிடக் கசெற்றுகள் அடங்கும். ஒரு வீட்டின் அலுமாரி முழுவதும் நகத்தளவு அட்டையில் அடங்குகின்ற காலத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கோப்புகளின் பெயர் விடயத்திலும் கவனம் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பாமினி எழுத்துருவில் பெயரிட்ட கோப்புகளை இன்று திறந்தால், ஆங்கில எழுத்துகள் பொருளின்றி வரிசையாக நிற்கும். பாடியவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற தகவல் அத்தனையும் பூட்டிய பெட்டிக்குள் அகப்பட்டுவிட்டது. இனியாவது ஒருங்குறியில் எழுதுங்கள். மலிவான சில கருவிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் கோப்புப் பெயரின் தொடக்கத்தில் ஓர் இலக்கத்தை இட்டு, முழு விபரத்தையும் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதிவையுங்கள். கொப்பிக்கு எழுத்துருச் சிக்கல் இல்லை.

மெமரி காட் வாங்கும்போது விழிப்பாக இருங்கள். மேலே 512 என்று அச்சிட்டு, உள்ளே அதில் சிறு பகுதியே கொண்ட போலிகள் சந்தையில் உண்டு. நிரப்பும்போது எல்லாம் சரியாகப் போவதாகக் காட்டும். பின்னர் பார்த்தால் பாதிக்கு மேல் வெறுமை. வாங்கியவுடன் முழுவதும் நிரப்பி, திரும்பப் பிரதி எடுத்துச் சோதியுங்கள். மேலும், காட் என்பது கேட்பதற்கான இடம்; காப்பதற்கான இடமாக அதை நம்ப வேண்டாம். மின்சாரம் இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் எழுதப்பட்டது தேயக்கூடும். மூலப்பிரதி இரண்டு வன்தட்டுகளில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் சென்றவை மட்டுமே மிஞ்சின என்பதை நமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

கசெற்றிலிருந்து மாற்றுவது கடினமான வேலை அன்று. ஓடக்கூடிய ஒரு கசெற் கருவி, ஒலியை உள்வாங்கும் துளையுள்ள ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருள் இவ்வளவும் போதும். ஒலித்தலையைச் சுத்தமான அற்ககோலால் துடைத்து, சுருக்காத வேவ் வடிவில் பதிய வேண்டும். ஒரு மணித்தியாலம் 635 மெகாபைற் எடுக்கும். அதுவே மூலம், கேட்பதற்கான எம்பி3 அதிலிருந்து எடுக்கும் பிரதி. இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கைவைக்காதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிந்த நாடாக்களில் ஒரு விசித்திரத்தைக் காண்பீர்கள். கச்சேரி செல்லச் செல்லச் சுருதி ஏறிக்கொண்டே போகும். வித்துவான் பிழைவிடவில்லை. பதிந்தவரின் பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. நாடா மெதுவாக ஓடியது. இன்று சரியான வேகத்தில் போடும்போது அது உயர்ந்து ஒலிக்கிறது. திருத்த விரும்புவோர் பிரதியில் திருத்துங்கள். மூலத்தில் அது அப்படியே இருக்கட்டும், ஏனெனில் அந்தக் காலத்தின் செய்தி அதிலும் இருக்கிறது.

இன்னொரு பயனையும் சொல்லாமல் விட முடியாது. இணையவழிச் சேவைகள் யார், எப்போது, எதைக் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்கின்றன. 1979இல் தற்காலிகம் என்று இயற்றிய பயங்கரவாதத் தடைச்சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கிய நாட்டில், கசெற்றைப் புதைத்தும் எரித்தும் பழகிய மக்கள் நாங்கள். என்ன பாட்டைக் கேட்கிறோம் என்பதை எந்த நிறுவனத்துக்கும் தெரிவிக்காத ஒரு கருவியின் அருமையை எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம், எண்பது டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறித்த எல்லை. பக்கத்திலிருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால் ஒலியைக் குறையுங்கள். 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பிவந்தது. கடவைகளிலும் சைக்கிள் ஓடும்போதும் இரு காதையும் அடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஈற்றில், புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வளைவுக்கும் மண்டபத்துக்கும் நீங்கள் அனுப்பும் பணத்தில் மிகச் சிறு பங்கு போதும். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பழுதுபார்த்த கசெற் கருவி ஒன்று, பழைய கணினி ஒன்று, வன்தட்டு இரண்டு, சிறிய பாட்டுப்பெட்டி பத்து வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை தோறும் வீட்டுக் கசெற்றைக் கொண்டுவருவோருக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மாற்றிக் கொடுக்கட்டும். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒரு பிரதி நிலையத்துக்கு, வீட்டார் சம்மதித்தால் ஒரு பிரதி ஆவணகத்துக்கு. பாட்டுப்பெட்டிகளை வாசிகசாலைப் புத்தகம்போல இரவல் கொடுங்கள்.

அடுத்த மாரி ஐப்பசியில் தொடங்கும். அதற்குள் அலுமாரியைத் திறந்து, அந்தப் பிளாஸ்ரிக் பைக்குள் எத்தனை கசெற் இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள்.